கோட்டைமேட்டுக் கற்கள்

“எங்கேன்னு சொல்லிட்டுப் போய்யா, ஃபெஸ்டி. அதையும் உன்னோட கொண்டு போயிடாத.”

சபைனா கணவனின் காதருகே குனிந்து நான்காவது தடவையாகக் கேட்டாள். கட்டிலின் மறுபக்கம் மகள் இமெல்டா, அப்பாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வருவதும் நிற்பதுமாக இருந்தது. பொழுது சாயும்வரை தாங்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஐம்பது வருஷத்துக் கேள்வி அது. தலைச்சன் பிள்ளை, ஆண், பிறக்கும்போதே மூச்சில்லை. ஞானஸ்நானம் பெறாத சிசுவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்பது அந்தக் காலத்துக் கோயில் சட்டம். அயர்லாந்தின் மேயோ பக்கத்தில் எந்த வீடானாலும், அந்தி நேரத்தில் தகப்பன்தான் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் போவான். வட்டமாக மண்கரை எழுப்பிய பழங்காலத்து மேடு, ஏர் படாத நிலம். புதைத்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு வெள்ளைக் கல், பெயர் கிடையாது. பெற்றவளுக்கு இடம் சொல்லும் வழக்கமில்லை, சபைனாவும் வாய்விட்டுக் கேட்டதில்லை. போன வசந்தத்தில் பக்கத்துப் பங்குக் கோயில் எல்லையில் இதே மாதிரி ஒரு மேட்டை பிஷப்பே வந்து மந்திரித்துப் புனிதமாக்கியதை டிவியில் காட்டினார்கள். “அப்ப இத்தனை நாள் எங்கள எதுக்குய்யா அழ விட்டீங்க?” என்று அவள் டிவியைப் பார்த்தே கத்தினாள். அன்றிலிருந்து எங்கே, எங்கே என்று கேட்டுத் துளைத்தாள், ஃபெஸ்டியின் நிம்மதி போயிற்று.

அவர் கண் திறந்தது.

“முள்மரம்... கிழக்கால... மொதல் வெள்ளக் கல்லு,” என்றார். “தினம் போவேன்.”

“மாடு பாக்கப் போறேன்னு சொன்னதெல்லாம் அங்கதானா, படுபாவி!” சபைனா அழுதுகொண்டே சிரித்தாள். அவர் நெற்றியில் முத்தம் வைத்தாள்.

வெள்ளைக் கல் என்றதும் இமெல்டா பஞ்சைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள்.

அந்தக் கற்களை அவள் தொட்டபோது அவளுக்கு எட்டு வயது. ஊரிலேயே முதல் டிவி பிரிடி கில்பேன் வீட்டுக்கு வந்திருந்தது. சனிக்கிழமையானால் அரை ஊர் அந்தச் சமையலறையில்தான். பாட்டுப் போட்டியில் ஒரு பெண் வெளிச்சத்துக்கு நடுவே நின்று பாடியதைப் பார்த்ததிலிருந்து இமெல்டா தரையில் நிற்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பலகை போட்டு மேடை கட்டினாள். மேடை என்றால் விளக்கு வேண்டாமா? கோட்டைமேட்டில் கிடந்த வெள்ளைக் கற்களைக் கவுன் மடியில் அள்ளி வந்து வரிசையாக அடுக்கி, துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு பாடினாள். அப்பா அவளை அடித்தது வாழ்நாளிலேயே அன்று ஒருநாள்தான். ஏன் என்று சொல்லவில்லை. “எடுத்த எடத்துலயே வெச்சிட்டு வா” என்றார். எது எங்கே கிடந்தது என்று யாருக்கு ஞாபகம்? கை வலித்த இடத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

“சரியா வெச்சியா?”

“வெச்சேன்ப்பா.”

மனுஷன் நம்பினார். நாற்பது வருஷம் போய் நின்றார். அந்த அடிக்கு இன்றுதான் அவளுக்குக் காரணம் கிடைத்தது.

நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் மூச்சு நின்றது. சாவு வீட்டு வழக்கப்படி சபைனா ஜன்னலைத் திறந்துவிட்டாள், கடிகாரத்தை நிறுத்தினாள், கண்ணாடிமேல் துணி போட்டாள். செபமாலையை அவர் விரல்களில் சுற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

“பூட்ஸ மாட்டுடி. ஆளுங்க வந்து குவியறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். பிள்ளையோட மண்ணு ஒரு பிடி அவர் பெட்டியில வெக்கணும்.”

“இப்ப வேணாம்மா. நாளைக்குப் போலாம்.”

“நாளைக்குப் பெட்டிய மூடிடுவான். இன்னும் எத்தன நாளைக்கு என்னை நாளைக்குன்னு சொல்லுவீங்க?”

பிணத்தைத் தனியே விட முடியாது. பிரிடி கில்பேன் வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். அவளும் அந்த மேட்டில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவள். “போயிட்டு வாங்க. டீத்தண்ணி நான் வெக்கிறேன்,” என்றாள். இமெல்டாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஈரப் புல்லில் எண்பது வயதுக்காரி மகளுக்கு முன்னால் நடந்தாள். இப்போதே சொல்லிவிடலாமா என்று இமெல்டா இரண்டு தடவை வாயெடுத்தாள். சொன்னால், அம்மாவுக்கு இன்றைக்குக் கிடைத்தது இன்றைக்கே போய்விடும். சொல்லாவிட்டால், பிரிடியின் பிள்ளையோ யார் பிள்ளையோ அப்பாவின் மார்மேல் கிடக்கும்.

முள்மரத்தடியில் சபைனா மண்டியிட்டாள். பாசி படிந்த கல்லைப் புறங்கையால் தடவினாள். “ஏன்டா, குளுருச்சா?” என்று கேட்டாள். கைக்குட்டையை விரித்து மண்ணைக் கிள்ளினாள்.

“அம்மா. அது இல்ல.”

“எது இல்ல?”

“கல்லெல்லாம் நான் எடுத்தேன். சின்னதுல, வெளயாட. அப்பா திரும்ப வெக்கச் சொன்னாரு. எப்படியோ வெச்சேன். சரியா வெச்சேன்னு பொய் சொன்னேன்.”

அம்மா அறைவாள் என்று எதிர்பார்த்து இமெல்டா நின்றாள். அறைந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

“அவர்கிட்ட சொன்னியா?”

“இல்லம்மா.”

“நம்பிக்கிட்டே போயிட்டாரு.” சபைனா கைக்குட்டையையே பார்த்தாள். “எத்தன கல்லு?”

“பதினொண்ணு.”

சபைனா மண்ணைக் கொட்டவில்லை. முட்டிபோட்டபடியே அடுத்த கல்லுக்கு நகர்ந்து ஒரு கிள்ளு எடுத்தாள். அதற்கடுத்ததிலும் எடுத்தாள். நான்காவதில் மூச்சு வாங்கியது. கைக்குட்டையை மகளிடம் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல்.

“முட்டி தாங்கல. மிச்சத்த நீ எடு. ஒண்ணையும் விட்றாத.”

கீழே சந்துக்குள் முதல் கார் திரும்பிக்கொண்டிருந்தது. இமெல்டா ஐந்தாவது கல்லின் முன் மண்டியிட்டு, புல்லை விலக்கி, மண்ணில் நகத்தை இறக்கினாள்.