தாய்மாமன் வீட்டு கேட்டில் ஒரு போர்டு

பத்துமலைக்கு வாய் இருக்கிறதே, அது ஒன்றுதான் அவருக்கு எதிரி. அந்த வாயால்தான் கோப்பெங் பக்கத்து வீடமைப்புத் தாமானில் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் ஆனார். அதே வாயால்தான் இப்போது மகளின் கல்யாணப் பத்திரிகையும் வெற்றிலைத் தட்டுமாக, பின்வரிசையில் இருக்கும் மச்சான் வீட்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார். பக்கத்தில் மனைவி பாப்பா, பட்டுச் சேலையில். உள்ளே பாப்பாவின் அண்ணன் கோகிலன், கைலியோடு நாற்காலியில் சாவகாசமாகக் காலாட்டிக்கொண்டு.

கேட்டில் ஒரு போர்டு. 'விற்பனையாளர்கள் வரக்கூடாது. மீறினால் புகார் செய்யப்படும்.' மலாய், சீனம், தமிழ். தமிழ் வாசகம் பத்துமலையின் சொந்தச் சரக்கு. 'மீறினால்' என்று எழுதிவிட்டு அன்றைக்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

அந்தப் போர்டு வந்த கதையே மானக்கேடு. ஈப்போவிலிருந்து வந்த விற்பனையாள் ஒருத்தன் அவரை "டத்தோ, டத்தோ" என்று கூப்பிட்டான். தோட்டத்து லாரி ஓட்டினவருக்கு எவன் டத்தோ பட்டம் கொடுத்தான்? ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்காகத் தொப்பை கரைக்கும் கரண்டு பெல்ட் ஒன்றை வாங்கிப்போட்டார். தொப்பை அப்படியே இருந்தது, பெல்ட்தான் புகைந்தது. "டத்தோ, சோறு ஆறுது" என்று பாப்பா நெடுநாள் கூப்பிட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சங்கத்தைக் கூட்டி, கவுன்சில் லைசென் இல்லாமல் எவனும் பெல் அடிக்கக்கூடாது, ஒவ்வொரு கேட்டிலும் போர்டு மாட்டவேண்டும் என்று தீர்மானம் போட்டார்.

அதோடு விட்டாரா? முதலாளி தோட்டத்தை விற்றதில் வேலை போன கோகிலன், தண்ணி ஃபில்டர் விற்க ஆரம்பித்திருந்த நேரம். முதல் வீடு தங்கச்சி வீடாக இருந்தால் ராசி என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. செயலாளருக்குச் சொந்தபந்தம் கிடையாது என்று காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? கேட்டைத் திறக்காமலே, "போர்டு இருக்குல்ல மச்சான்? லைசென் இருக்கா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார் பத்துமலை. கோகிலன் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனான். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

இப்போது தினேஸ்வரிக்குக் கல்யாணம். தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. புருஷன் பெண்டாட்டி இருவரும் போய், வீட்டுக்குள் தட்டு வைத்துக் கூப்பிட வேண்டும். கேட்டுக்கு மேலே வீசிவிட்டு வர அது என்ன நியூஸ் பேப்பரா? "மாமா வந்து மாலை போடலன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்" என்று மகள் ஒரே பிடிவாதம். பத்துமலை மறுபடி பெல்லை அழுத்தினார்.

"போர்டு இருக்குல்ல மாப்ள?" என்றான் கோகிலன்.

"இருக்கு மச்சான். நான்தான எழுதினேன்."

"லைசென் இருக்கா?"

"பத்திரிகை வைக்க லைசென் எதுக்குலா?"

"கையில தட்டு, வாசல்ல பெல்லு. விக்க வந்தவரா, கூப்பிட வந்தவரான்னு நான் என்னத்தக் கண்டேன்? என்ன சரக்கு, சொல்லுங்க."

எதிர் வீட்டுத் துளசியின் ஜன்னலில் திரை அசைந்தது. அசையாதா பின்னே? திரையை விலக்கிப் பாருங்கள், பை இருந்தால் சத்தம் காட்டாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்த புண்ணியவான் இவர்தானே!

"பேசுங்களேன். இப்ப மட்டும் வாய்க்கு என்ன வந்துச்சாம்?" என்று பாப்பா முழங்கையால் இடித்தாள்.

பத்துமலை தொண்டையைச் செருமிக்கொண்டார். "கல்யாணம் மச்சான். உன் மடியில உக்காந்து காது குத்திக்கிட்ட புள்ள. நீ வந்து மாலை போட்டாத்தான்..." மைக் இல்லாமலே முழங்குகிற குரல் பாதியில் நின்றுபோனது.

கோகிலனின் காலாட்டல் நின்றது. எழுந்து கேட்டருகே வந்தான். "அன்னிக்கு லைசென் சட்டைப் பையிலதான் இருந்துச்சு மாப்ள. வேற யாராவது கேட்டிருந்தா எடுத்துக் காட்டியிருப்பேன். என் தங்கச்சி வீட்டுக்குள்ள வர அத எடுத்துக் காட்ட எனக்கு மனசு வரல." அவன் கண் கலங்கிவிட்டது. பாப்பா வாய்விட்டே அழுதாள்.

பத்துமலைக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "தப்பு மச்சான்," என்றார்.

கோகிலன் பூட்டைத் திறந்தான். "வாங்க. தட்டு வைக்க இடம் இருக்கான்னு பாக்கணும்."

கூடம் முழுக்க விற்காத ஃபில்டர் பெட்டிகள், சாமி படத்தை மறைத்துக்கொண்டு. பாப்பா ஒரு பெட்டியின் மேலேயே தட்டை வைத்தாள். இருவரும் சேர்ந்து அதை எடுத்து நீட்ட, கோகிலன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பத்துமலை தட்டைப் பார்க்கவில்லை, பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானும் மாப்பிள்ளையும் தாமானுக்குள் இறங்கினார்கள். கோகிலன் கழுத்தில் லைசென், பத்துமலை தோளில் ஃபில்டர் பை. முதலில் துளசி வீடு. பெல் அடித்ததும் திரை விலகியது, மூடிக்கொண்டது.

"வீட்டுல ஆள் இல்ல!" என்று உள்ளேயிருந்து துளசியின் குரல் வந்தது.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க மாப்ள," என்றான் கோகிலன்.

பத்துமலை பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி பெல்லை அழுத்தினார்.