எட்டு அட்டைகள்

எனக்கு நிற்க இடம் கிடையாது. தினம் காலை ஒன்பதரைக்கு எட்டு அணிகளும் தத்தம் பலகைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்று பேசும். நான் ஆர்க்கிடெக்ட், மென்பொருள் முழுவதற்கும் படம் போட்டு அமைப்பை வகுப்பவள்; எந்த அணியிலும் சேர்த்தி இல்லை. தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று எட்டையும் கேட்பேன். எரிச்சல்தான் மிச்சம்.

பாளையங்கோட்டையில் எங்கள் கம்பெனி. ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்கு மென்பொருள் செய்கிறோம். பதிவு ஓர் அணி, டாக்டரின் திரை இன்னோர் அணி, மருந்தகம் வேறோர் அணி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும், தானே கற்பனை செய்த ஒரு நோயாளியை வைத்துக் காட்டும். எட்டு நோயாளிகளும் சுகமாக வீட்டுக்குப் போவார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். எல்லோருக்கும் பொதுவான பெரிய பலகையில் அந்த அணியின் அட்டை ‘முடிந்தது’ பக்கம் நகரும். எட்டு அட்டையும் அங்கே சேர்ந்தால்தான் வெளியீடு.

யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதை எட்டு அணியும் எட்டு இடத்தில் வைத்திருந்தன. ஒன்றில் எழுதியது இன்னொன்றுக்குத் தெரியாது. அதை மட்டுமாவது ஒரே இடத்தில் வையுங்கள், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்று ஆறு மாதமாகக் கத்தினேன்.

மேலாளர் கணேஷ்ராம் சிரிப்பார். “கெசியாக்கா, ஒருத்தர் படம் வரைஞ்சு குடுக்கது அந்தக் காலம். இப்பம் அணிதான் முடிவெடுக்கும்.”

திங்கட்கிழமை மருத்துவமனையின் சாத்தான்குளம் கிளையில் தொடக்கம். வெள்ளிக்கிழமை கடைசிக் காட்சி. எட்டு அட்டையும் நகர்ந்தபின் நான் எழுந்தேன்.

“ஒரே நோயாளிய எல்லாத் திரையிலயும் கொண்டு போறேன். பத்து நிமிசம் குடுங்க.”

பதிவு அணியைப் பார்க்கும் கிங்ஸ்டனின் திரையில் எழுதினேன்: கணேஷ்ராம், வயது 38, பென்சிலின் ஆகாது. உண்மைதான். போன வருடம் ஓர் ஊசியில் அவர் முகம் வீங்கி, நாங்கள்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டரின் திரைக்குப் போனேன். ‘ஒவ்வாமை: எதுவும் இல்லை.’ பென்சிலின் ஊசி எழுதினேன். மருந்தக அணியைப் பார்க்கும் பிருந்தாவின் திரை பச்சையாக எரிந்தது: ‘கொடுக்கலாம்.’

யாரும் திரையைப் பார்க்கவில்லை. கணேஷ்ராமைத்தான் பார்த்தார்கள்.

“நர்ஸ் கேட்டுக்கிடுவாங்கல்லா,” என்றார்.

“பேச்சு மூச்சில்லாம வாறவன்கிட்ட எதக் கேப்பாங்க?”

“தொடங்கிட்டு, அடுத்த ரெண்டு வாரத்துல சரி பண்ணுவோம். எட்டு அட்டையும் முடிஞ்சாச்சு.”

“நான் ஒத்துக்கிட மாட்டேன். வேணும்னா என் வேலைய எடுத்துக்கிடுங்க.”

“நீங்க எந்த அணியிலயும் இல்லயேக்கா. உங்ககிட்ட அட்டையே கிடையாது.”

கோபத்தில் அழுகை முட்டியது. அத்தனை பேர் முன்னால் வெட்கமாகவும் இருந்தது.

அப்போது பிருந்தா எழுந்தாள். கூட்டத்தில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள். பெரிய பலகைக்குப் போய்த் தன் அணியின் அட்டையை உரித்து ‘நடக்கிறது’ பக்கம் ஒட்டினாள்.

“எங்க வேலை முடியல சார்.”

கிங்ஸ்டன் அடுத்துப் போனான். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ‘முடிந்தது’ பக்கம் காலியானது.

“யாரக் கேட்டு இப்படிச் செய்யுதீங்க?”

“அணிதான் முடிவெடுக்கும்னு நீங்கதான சார் சொன்னீங்க,” என்றாள் பிருந்தா.

கணேஷ்ராம் காலியான ‘முடிந்தது’ பக்கத்தைப் பார்த்தார். பிறகு சாத்தான்குளத்துக்கு ஃபோன் போட்டு, இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் பெயருக்குக் கீழே ‘கொடுக்கலாம்’ இன்னும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டே, அதை அணைக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார்.

நான் அணைக்கவில்லை.