பன்னிரண்டு எலிகளின் பயம்

எலிக்குப் பயம் நீங்கினால், நீங்கிய பயத்தை யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நரம்பியல் துறையில் அது விதி. ஆய்வு மாணவன் தணிகைவேல்தான் எப்போதும் வாங்கிக்கொண்டான். பேராசிரியர்களுக்கு ஏற்கெனவே சொந்தப் பயங்கள் நிறைய இருந்தன.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மணி அடிக்கும், அடுத்த நொடி கூண்டின் கம்பித் தரையில் ஷாக் அடிக்கும். நாலே நாளில் எலி மணிச் சத்தம் கேட்டாலே உறைந்து நிற்கும். அப்புறம் அதன் மூளையில் செருகிய மெல்லிய கம்பியில் கொஞ்சம் மின்சாரம் விட்டால், பயம் கழன்றுவிடும். எலி மீசையைத் தடவிக்கொண்டு கிளம்பும், தணிகைவேல் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவான், பயம் அவனுக்கு வந்து சேரும். ஏழு வருடத்தில் பன்னிரண்டு எலிகள். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளி.

மணி விஷயத்தில்தான் கோட்டை விட்டான். ஒலிக்கருவி கேட்டு எழுதிய கோப்பு எங்கேயோ தூங்கியதால், துறையின் மேசை மணியையே சோதனைக்கு எடுத்துக்கொண்டான். வாய்மொழித் தேர்வு முடிந்ததென்று தட்டுகிற அதே மணி. அது அடித்ததும் மாணவன் எழுந்து நன்றி சொல்ல வேண்டும், சொல்லாமல் உறைந்து நின்றால் பட்டம் கிடையாது. ஊரில் அவன் அப்பா ‘முனைவர்’ என்று பலகை எழுதி வாசலில் மாட்டி மூன்று வருடம் ஆகிறது. வெயிலில் வெளுத்து, மறுபடி பெயிண்ட்கூட அடித்தாயிற்று.

எனவே தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், தன் தலையிலும் கம்பி செருக நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்தான். குழு என்பது அந்தப் பன்னிரண்டு எலிகள்தான். அனுபவப்பட்டவர்கள் வேறு யார்? ‘இதைவிடத் தாழ்ந்த உயிரில் செய்ய முடியாதா?’ என்ற கேள்விக்கு அவன் பதில் எழுத மறந்திருந்தான். குழுவே நிரப்பிக்கொண்டது: ஏழாம் ஆண்டு ஆய்வு மாணவனுக்குக் கீழே எதுவும் அகப்படவில்லை. அவனுக்கு அவமானமாகத்தான் இருந்தது. மறுக்கத்தான் ஆதாரம் இல்லை.

கம்பி செருகினார்கள், பயம் போயிற்று. யார் வாங்குவது? வழிகாட்டி கமலவேணி அம்மா கையை விரித்துவிட்டார். பட்டது போதும் என்றன எலிகள். கடைசியில் மணியே முன்வந்து கையெழுத்துப் போட்டது. தணிகைவேலின் கையெழுத்தைவிடத் தெளிவாகவே இருந்தது.

தேர்வன்று எல்லாக் கேள்விக்கும் பிசிறில்லாமல் பதில் சொன்னான். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் திருப்தியாகத் தலையாட்டி மணியைத் தட்டினார். மணி உறைந்து நின்றது. பாவம், தன் சத்தத்துக்கே பயம். மணி அடிக்காமல் தேர்வு முடியாது என்பதால், அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

இன்றோடு பத்தொன்பது நாள். எலிகள் வேளாவேளைக்குத் தீவன உருண்டை கொண்டுவந்து வைக்கின்றன. இன்று காலை தணிகைவேலுக்கு வெறுத்துப்போயிற்று.

“பட்டம் போனால் போகிறது. பயத்தை நானே திருப்பி வாங்கிக்கொள்கிறேன், மணி அடிக்கட்டும். நான் வீட்டுக்குப் போகணும்,” என்றான்.

“அதற்கு மணிக்குக் கம்பி செருகணும். புது விண்ணப்பம் கொடுங்க தம்பி,” என்றது மூத்த எலி.

பூர்த்தி செய்தான். மணியைவிடத் தாழ்ந்தது ஏதும் உண்டா என்ற இடத்தில், இந்தத் தடவை மறக்காமல் தன் பெயரை எழுதினான்.

தேர்வாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தாழ்ந்தது கைவசம் இருக்கும்போது மணிக்கு எதற்குக் கம்பி என்று சொல்லி, ஜன்னலோரக் கூண்டு காலியாக இருக்கிறதா என்று விசாரித்தார். இருந்தது.