விடிந்தும் முடியாத பேக்கப்

மாமியாருக்கு இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து அந்த வீட்டில் காலை நேரம்தான் பெரும்பாடு. அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், குளியலறை நாற்காலியில் உட்காரவைத்து, குளிப்பாட்டி, உடுத்திவிட வேண்டும். மகன் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பான். பஸ் டிரைவர், மதிய ஷிப்ட். ஆனால், "பெத்த பிள்ளை முன்னாடி எப்படிடா துணியை அவுக்கறது? நான் அவ வந்ததும் குளிச்சுக்கறேன்" என்று மாமியார் ஒரே பிடிவாதம்.

அவள், அதாவது மருமகள், திரும்பி வரும்போது இருட்டிவிடும். அதுவரை அந்த அம்மாள் கசகசப்போடு படுத்திருப்பார்.

அவளுக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. அங்குள்ள சர்வர் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. "என் மருமக சர்வர்களைக் கட்டி மேய்க்கிறா" என்று மாமியார் பக்கத்து வீட்டில் பெருமை பேசப்போக, "எந்த ஓட்டல்ல?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று வீடே சிரித்தது. இப்போது சிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

காரணம் பேக்கப். சென்டர் மூடியதும், ஸ்கேன் படங்கள், லேப் ரிப்போர்ட்டுகள், பில்கள் எல்லாம் எதிர்க் கட்டடத்தில் இருக்கும் ஒரு பெரிய ஸ்டோரேஜ் பெட்டிக்கு நெட்வொர்க் வழியாக நகலாகிப் போகும். முன்பெல்லாம் விடிவதற்குள் முடிந்துவிடும். சில மாதங்களாக விடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகள் வந்து வரிசையில் நிற்கும் நேரத்தில் நெட்வொர்க் முழுவதையும் அது அடைத்துக்கொள்ள, ரிசப்ஷனில் ஒரு பெயரைப் பதிவதற்குள் ஒரு பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிவிடும்.

"கதவு திறக்கறதுக்கு முன்னாடி அதை நிறுத்திடுங்க. அவ்வளவுதானே?" என்றார் மேனேஜர்.

"பாதியில நிறுத்தினா மீதி நகலாகாது சார். ஏன் இவ்வளவு இழுக்குதுன்னு பார்க்கணும். ஒரு நாள் லைனை எல்லாம் கழட்டிப் பார்க்க அனுமதி கொடுங்க."

"ஒரு நாளா! சென்டரை மூடச் சொல்றீங்களா? நிறுத்துங்க, போதும்."

வீட்டிலிருந்தே நிறுத்தலாம் என்றால், பாதுகாப்பு என்று சொல்லி வெளியிலிருந்து உள்ளே நுழையும் வழியை அவரே அடைத்துவைத்திருந்தார். தானாக நிற்கும்படி நேரம் குறித்துவைக்கவும் அந்தப் பழைய பேக்கப்பில் வழியில்லை. ஆகவே தினமும் அவளே நேரில் போய் நிறுத்த வேண்டியிருந்தது. முதல் பஸ்ஸில் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குவாள். எத்தனையோ முறை ஸ்டாப்பைத் தாண்டிப் போய், திரும்ப நடந்து வந்திருக்கிறாள்.

இருட்டியபின் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கேட்பார்: "என்னம்மா, முடிஞ்சுதா, இல்ல இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் கிடக்கா?" உறவில் யாரோ சாகக் கிடப்பதை விசாரிப்பதுபோல இருக்கும்.

"கிடக்கு அத்தை."

"அது போயும் சேரல, என்னை விடவும் மாட்டேங்குது" என்பார். அவள் போய் வெந்நீர் விளாவுவாள்.

ஒரு நாள் காலை வழக்கம்போல நிறுத்திவிட்டு, எதுவரை நகலாகியிருக்கிறது என்று திரையில் பார்த்தாள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று சர்வர்கள் வரிசையில் நின்றன. கடைசியில் லேப் சர்வர். முந்தின நாளும் அதன் முறை வருவதற்குள் நிறுத்தியிருந்தாள். அதற்கு முந்தின நாளும் அப்படியே. ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து லேப் ரிப்போர்ட் ஒன்றுகூட எதிர்க் கட்டடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு சர்வர் படுத்தால், இத்தனை பேர் ரத்தம் கொடுத்ததெல்லாம் வீண்.

நேரே மேனேஜரிடம் போனாள்.

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்றார் அவர்.

"ஆகலை. ஆனா இன்னிக்கு ஆச்சுன்னா என்கிட்ட கொடுக்க ஒண்ணுமில்ல. லேப்லயும் சொல்லிடறேன். அவங்களுக்குத் தெரியணும்."

லேப் தலைமை டெக்னீஷியனை எல்லாரும் லேப் அக்கா என்பார்கள். குரல் கண்ணாடிக் குழாயை உடைக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார். "இது சரியாகற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன். ரிப்போர்ட் கேட்டு வர்றவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க." மதியமே அனுமதி கிடைத்துவிட்டது.

அவள் லைனைத் துண்டு துண்டாகச் சோதித்தாள். சர்வர் அறையில் வேகம் நன்றாக இருந்தது. எதிர்க் கட்டடத்திலும் குறையில்லை. நடுவில்தான் எங்கோ தொண்டை அடைத்திருந்தது. ஏணி போட்டு ஏறி, கூரைப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, கேபிளைப் பின்தொடர்ந்தாள். தலையெல்லாம் ஒட்டடை. கேபிள் தாழ்வாரம் தாண்டி மேனேஜர் அறைக்குள் இறங்கியது. அங்கே டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையகலப் பெட்டி ஒன்று, தூசி அப்பிப்போய், ஒரு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

டிவி மாட்ட வந்தவன் இன்டர்நெட்டுக்கு வேறு வழி தெரியாமல், போகிற கேபிளை வெட்டி நடுவில், லைனைக் கிளை பிரிக்கும் இந்தப் பழைய, வேகமில்லாத ஸ்விட்சைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறான். மொத்தச் சென்டரின் பேக்கப்பும் இந்த ஊசிக்காது வழியாகத்தான் நுழைந்து போயிருக்கிறது.

"சார், இதை எடுக்கணும்."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "எடுத்தா டிவி?"

"டிவிக்குத் தனியா ஒரு லைன் இழுத்துத் தர்றேன். இன்னிக்கு இல்ல."

வாசலில் நின்ற லேப் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதம் அவள் ஓடிய ஓட்டமெல்லாம் இதற்காகத்தானா என்று கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பெட்டியை எடுத்துவிட்டு முழுக் கேபிள் ஒன்றை நேராக இழுத்தாள். அத்தோடு விடவில்லை. மாறாத பழைய படங்களைத் தினமும் திரும்பத் திரும்ப அனுப்புவதை நிறுத்தி, புதிதாக வந்தது, மாறியது மட்டும் போகும்படி செய்தாள். முழு நகல் விடுமுறை நாளில் போதும். லேப் சர்வரை வரிசையின் முதலுக்குக் கொண்டுவந்தாள்.

மறுநாள் அவள் போய்ப் பார்த்தபோது எல்லாமே எப்போதோ முடிந்திருந்தது. நம்ப முடியாமல் லேப் அக்காவைக் கூப்பிட்டாள். "நான் நிறுத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வந்த ரிப்போர்ட் ஏதாவது ஒண்ணு சொல்லுங்கக்கா. நகல்லேருந்து எடுத்துப் பார்ப்போம்." அக்கா சொன்னதை எதிர்க் கட்டடத்திலிருந்து வரவழைத்துத் திறந்தாள். இருவரும் வரி வரியாக ஒப்பிட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

"போ, போய்த் தூங்கு. மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல" என்றார் அக்கா.

அடுத்த நாள் காலை அவள் வீட்டில் இருந்தாள். மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து முதுகில் வெந்நீர் ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார். சோப்பு நுரை வழிந்து ஓடியது.

அவரைக் கட்டிலுக்குக் கூட்டிவந்து தலை துவட்டிவிடும்போது போன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்தாள்.

"இப்பல்லாம் சீக்கிரமே முடிஞ்சுடுதாமே?" என்றார் மேனேஜர். "அப்படின்னா நம்ம கிளைச் சென்டர் சர்வர்களையும் இதுலயே சேர்த்துடலாம்ல? அப்புறம் அந்த டிவி..."

"முதல்ல இது ஒழுங்கா ஓடட்டும் சார். மத்ததை நான் வந்து பேசறேன்."

"எப்ப வர்றீங்க?"

"சென்டர் திறக்கிற நேரத்துக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"என்னவாம்?" என்றார் மாமியார்.

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்காம்."

"அது எங்கே போகப்போகுது? நீ வந்து இப்படி உட்காரு" என்று மாமியார் கட்டிலில் இடம் காட்டினார். உட்கார்ந்தவள் அப்படியே அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மாமியார் அசையாமல் இருந்தார். மகன் ஏதோ கேட்டுக்கொண்டே உள்ளே வந்தபோது, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.