சாக்பீஸ் கோடு

கூப்பிட்டிருப்பார். இரண்டு தடவையாவது கூப்பிட்டிருப்பார். மாவு அரைத்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை.

நேற்று மதியத்திலிருந்து இந்த மூன்றும் இதே வரிசையில் மணிமொழிக்குள் வந்துகொண்டிருந்தன. இப்போதும், கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, அதையேதான் நினைத்தாள். துடைத்த இடத்தில் கணவர் கலையரசனின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது.

வாய் திறந்திருந்தது. புருவங்கள் மேலேறி, நெற்றியில் மடிப்புகள் அப்படியே நின்றிருந்தன. நேற்று ஒன்றரை மணிக்குச் சாப்பிடக் கூப்பிடப் போனபோது, அவர் ஷெட்டில், பழுதுபார்த்துக்கொண்டிருந்த பழைய டிராக்டரின் பின் சக்கரத்தில் தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அப்போதே உடம்பு குளிர்ந்துபோயிருந்தது. முகவாயிலும் கழுத்திலும் பனியனிலும் பழுப்பாக என்னவோ தெறித்து வழிந்து காய்ந்திருந்தது. தெருமுனை டாக்டர் வந்து, மார்பில் குழாயை வைத்துப் பார்த்து, ஹார்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மணிமொழிதான் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தாள். டீசல் வாசனை அடித்தது. அது எப்போதும் அவர் மேல் அடிக்கிற வாசனைதான்.

"ரத்தமா கக்கியிருக்கான் என் தம்பி" என்றாள் நாத்தனார் ரேணுகாம்பாள், வந்தவர்களிடமெல்லாம். "எவ்ளோ வலி இருந்தா இப்படி வாயத் தெறந்துகினு போயிருப்பான். பக்கத்துல ஒரு ஆளு இல்லாம."

கடைசி வார்த்தைகளை அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் அது எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தது.

சமையலறையிலிருந்து ஷெட்டுக்கு முப்பது அடி இருக்கும். சனிக்கிழமை, மணிமொழிக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை இல்லை. பதினோரு மணிக்கு கிரைண்டரைப் போட்டாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நிறுத்தினாள். அந்த ஐம்பது நிமிடத்தில் ஒரு மனிதன் எத்தனை முறை கூப்பிட முடியும் என்று அவள் இரவு முழுக்க யோசித்துப் பார்த்திருந்தாள்.

வெளியே பந்தலில் பக்கத்து வீட்டு ராமன் யாரிடமோ சொல்வது கேட்டது. "அஞ்சு டிராக்டர் வெச்சிருந்தாரு. அரை சென்ட் நெலம் கெடையாது."

"அது ஓட்டறதுக்கு இல்லப்பா. தொடைச்சி தொடைச்சி பாக்கறதுக்கு."

அடக்கமாகச் சிரித்தார்கள். மணிமொழிக்குக் கோபம் வரவில்லை. அவளே தங்கையிடம் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறாள்.

கலையரசன் நகராட்சியில் பம்ப் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய டிராக்டரில் பாதி உயரம்கூட இல்லாத பழைய தோட்ட டிராக்டர்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவருவார். மா, கொய்யாத் தோட்டங்களில் மரவரிசைக்கு நடுவே ஓட்டுவதற்கென்று ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் வந்த வண்டிகள். துருவெல்லாம் சுரண்டி, கிடைக்காத பாகத்தைக் கடைசலில் செய்யவைத்து, ஓட வைப்பார். அதோடு சரி. ஓடியதும் ஷெட்டில் நிறுத்திவிட்டு அடுத்ததைத் தேடுவார். ஐந்தாவது வண்டி கீழ்பென்னாத்தூரில் பாழடைந்த கிணற்றோரம் கிடந்தது. அதன் அச்சுக்குள் வேப்பமரத்து வேர் ஒன்று புகுந்து வளர்ந்திருந்தது. இழுத்தால் அச்சு வளைந்துவிடும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து ரம்பத்தால் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தெடுத்தார். அந்த இரண்டு நாளும் சோறு கட்டிக் கொடுத்தவள் மணிமொழி. மூன்றாம் நாள் வண்டி வீட்டுக்கு வந்ததும், "வேரையும் எடுத்தாந்திருக்கலாமே, கொழம்புக்கு எரிக்கலாம்" என்றாள். அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அவளுக்கு அப்போதும் புரியவில்லை.

மகன் இனியன் கையில் போனோடு உள்ளே வந்தான். "அம்மா, எரிமேடைல ஆதார் கேக்கறாங்க. ஒரிஜினல் வேணுமாம். அப்பாது எங்க?"

"சட்டப் பையில. சட்ட ஷெட்டுல மாட்டியிருக்கும்."

"நான் போறேன்."

"நீ இரு. நான் எடுத்தாறேன்."

"சீக்கிரம்மா. நாளைக்கு பௌர்ணமி. மத்தியானத்துக்கு மேல கிரிவலத்துக்கு தடுப்பு போட ஆரம்பிச்சிடுவாங்க, வண்டி போவாது."

அவள் எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது.

ஷெட் கதவு நேற்று திறந்தபடியே கிடந்தது. நான்கு வண்டிகளும் சுவரோரம் வரிசையாக நின்றன. பச்சை, ஆரஞ்சு, சாம்பல், மறுபடி பச்சை. சட்டை ஆணியில் தொங்கியது. பையில் ஆதார் அட்டையும் பாதித் தீப்பெட்டியும் இருந்தன. எடுத்துக்கொண்டு திரும்பியவள், ஐந்தாவது வண்டியைப் பார்க்காமல் போய்விடத்தான் நினைத்தாள். கண் போய்விட்டது.

இஞ்சினின் பக்கவாட்டில் இருந்த கனமான ஃப்ளைவீல் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு உண்டு. அதற்கு நேராக இஞ்சின் உடம்பில் இன்னொரு கோடு. பதினோரு மாதமாக இரண்டும் நேருக்கு நேர் நின்றன. உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடித்தால் உடையும். ஆகையால் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்து, தினமும் காலையில் ஒரே ஒரு முறை மரக்கட்டையை வைத்து ஃப்ளைவீலை அழுத்திப் பார்ப்பார். கோடு விலகியிருந்தால் பிடிப்பு விட்டதென்று அர்த்தம். மதியம் சாப்பிட உட்காரும்போது, "நகரல" என்பார். அவள் ரசம் ஊற்றுவாள். இன்னொருத்தருடைய சர்க்கரை அளவைப் போல அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

இன்று ஃப்ளைவீலில் கோட்டைக் காணோம்.

குனிந்து பார்த்தாள். கோடு அடியில், தரையைப் பார்த்தபடி இருந்தது.

நேற்று அவரைத் தூக்கும்போது யாராவது இடித்திருப்பார்கள் என்று நினைத்தாள். நாலு பேர் இடித்து அசையக்கூடியதா அது என்றும் உடனே தோன்றியது. விளிம்பில் கையை வைத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. மெல்லத்தான் அழுத்தினாள். அது நகர்ந்தது. கனத்தோடு, எந்தத் தடையும் இல்லாமல், அவள் கையைவிட்டு நழுவி ஒரு முழுச் சுற்று சுற்றியது. பிளக் ஓட்டையிலிருந்து "ஹா" என்று ஈரமாக ஒரு காற்று வெளியே வந்து அவள் மணிக்கட்டில் பட்டது.

கையை இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டில் பழுப்பு நிறத்தில் நாலைந்து துளிகள் இருந்தன. அந்த நிறம் அவளுக்குத் தெரியும். நேற்று ஈரத் துண்டில் பார்த்திருந்தாள்.

நிமிர்ந்து ஓட்டைக்கு எதிரில் இருந்த சுவரைப் பார்த்தாள். தை மாதம் அடித்த சுண்ணாம்பின் மேல் விசிறி போலப் பழுப்புத் துளிகள் தெறித்திருந்தன. துளிகளின் மேல் துளிகள். நடுவில் மட்டும், ஒரு தலை அளவுக்கு, சுவர் வெள்ளையாக இருந்தது.

அவள் அந்த வெள்ளையைப் பார்த்தபடியே நின்றாள்.

"அண்ணி, இனியன் அவசரப்படறான்." லேத்துப் பட்டறை அர்ஜுனன் வாசலில் நின்றான். இருபது வருஷமாகக் கலையரசனுக்குப் பாகங்கள் கடைந்து கொடுத்தவன். நேற்று ஓசூருக்குப் போயிருந்தவன் இன்று விடிந்துதான் வந்து சேர்ந்திருந்தான். கண் வீங்கியிருந்தது.

"அர்ஜுனா, இங்க வாப்பா. இத சுத்து."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வந்து, விளிம்பில் இரண்டு விரலை வைத்தான். சக்கரம் சுற்றியது. அவன் விரலை எடுக்கவில்லை. மறுபடி சுற்றினான். காதை இஞ்சின்மேல் வைத்துக்கொண்டு மூன்றாம் முறை சுற்றினான்.

"விட்டுடுச்சு" என்றான் மிகவும் மெதுவாக. "அண்ணி, பிடிப்பு விட்டுடுச்சு. நான் அவருகிட்ட பெட்டு கட்டினேன், இது ஜென்மத்துக்கும் விடாதுன்னு."

"சுவத்துல பாரு."

பார்த்தான். பிறகு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. "மூஞ்சிய வெச்சி பாத்திருக்காரு. ஓட்டைக்கு நேரா. நாங்க எல்லாருமே பாப்போம் அண்ணி. பாக்கக் கூடாது, உள்ள ஊறின எண்ணெயெல்லாம் துருவோட சேந்து மூஞ்சில அடிக்கும்னு தெரியும். தெரிஞ்சும் பாப்போம்."

"அக்கா அது ரத்தம்ங்கறாங்க."

"ரத்தமா? மோந்து பாக்கச் சொல்லுங்க." உடனே அவன் குரல் தணிந்தது. "ஒரு சுத்துல இவ்ளோ வராது. பத்து பதினஞ்சு சுத்தாவது சுத்தியிருக்காரு. சுத்திச் சுத்திப் பாத்துகினே இருந்திருக்காரு."

மணிமொழி கேட்க வேண்டியதைக் கேட்டாள். "வலிச்சிருக்குமா?"

பொய் சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"அது எனக்குத் தெரியாது அண்ணி. ஆனா இது முன்னாடி நடந்தது. பின்னாடி வலிச்சிருந்தா, ரொம்ப நேரம் இருந்திருக்காது. மூஞ்சியத் தொடைக்கக்கூட இல்ல பாருங்க. கைக்கெட்டற தூரத்துல துணி கெடக்குது." நிறுத்தி, சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னான். "இந்தப் பச்ச வண்டி பிடிப்பு விட்ட அன்னிக்கி நான் கூட இருந்தேன். ஆளு அப்படியே நின்னுட்டாரு. வாய மூடல. பீடி கீழ விழுந்து வேட்டிய சுட்டுச்சு, அதுகூட தெரியல அவருக்கு. நான் அண்ணே அண்ணேன்னு கூப்பிடறேன், காதுல விழல."

"புருவத்த மேல தூக்கிகினா?"

"ஆமா. கொழந்த மாதிரி."

அவள் தலையை ஆட்டினாள். முப்பத்தி மூன்று வருஷம். அவர் கோபம் தெரியும், தூக்கத்தில் வாய் கோணுவது தெரியும், காய்ச்சல் முகம், கடன்காரர் முன்னால் முகம், மகன் வேலைக்குப் போன அன்றைய முகம் எல்லாம் தெரியும். இது தெரியாது. இந்த முப்பது அடிக்கு அப்பால் அவருக்கு இப்படி ஒரு முகம் நான்கு தடவையோ ஐந்து தடவையோ வந்து போயிருக்கிறது. அவர் கைகால் கழுவி, சாப்பிட உட்கார்ந்து, "ஓடிடுச்சு" என்று சொல்லும்போது முகம் சாதாரணமாகியிருக்கும். அவள் ரசம் ஊற்றியிருப்பாள்.

அர்ஜுனன் கிழிந்த துணி ஒன்றை எடுத்து அவள் மணிக்கட்டைத் துடைக்க நீட்டினான். அவள் கவனிக்கவில்லை. ஆதார் அட்டையோடு வெளியே நடந்தாள்.

அவள் வருவதற்குள் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். வெந்நீர் ஊற்றியதில் உடம்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது. வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, பந்தலில் பெஞ்சு மேல் கிடத்தியிருந்தார்கள். மேளக்காரர்கள் தெருவில் நெருப்பு மூட்டி மேளத்தோலைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். இனியன் அட்டையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டே யாருக்கோ வழி சொன்னான்.

ரேணுகாம்பாள் தம்பியின் தலைமாட்டில் நின்றாள். கையில் நீளமாகக் கிழித்த வெள்ளைத் துணி. காலையிலிருந்து அழுததில் அவளுக்குக் குரலே இல்லை. அவளும் எழுபதை நெருங்குகிறவள். இந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"வந்துட்டியா? இந்தாண்ட வா. இப்ப தாட தளந்திருக்குது, கட்டினா மூடிக்கும். நீ தூக்கிப் புடி, நான் முடி போட்டுடறேன்."

மணிமொழி பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடி இல்லாமல், பகல் வெளிச்சத்தில், முகம் நேற்றைவிட அருகில் இருந்தது. புருவங்கள் இன்னும் இறங்கவில்லை.

"புடிம்மா. ஜனங்க வர்றாங்க, பாக்க ஒரு மாதிரியா இருக்குது. வலியோட போனான்னு எல்லாருக்கும் காட்டணுமா?"

"வேணாங்க்கா."

"இன்னா வேணாம்?"

"கட்ட வேணாம். இருக்கட்டும்."

ரேணுகாம்பாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மணிமொழி ஒரு நாற்காலியை இழுத்து, அவர் முகத்தில் விழுகிற வெளிச்சத்தை மறைக்காமல் சற்றுத் தள்ளிப் போட்டு, எதிரே உட்கார்ந்தாள்.