கும்பப்பூ என்ன நிறம்?

கவிஞர் டெல்சி கவிதை வாசிக்கும் குரலை இனிப் போனில் கேட்பதில்லை என்று கோலப்பன் முடிவெடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஐந்தாம் நாள் காலை வடசேரிப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும், இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு அதைத்தான் கேட்டார். வயிற்றெரிச்சல் ஒரு விசித்திரமான சாமான். பிடிக்காததைத்தான் தேடித் தேடித் தின்னச் சொல்லும்.

கோலப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே சின்ன அறை ஒன்றில் பத்திரம் எழுதுவது பிழைப்பு. அதிலும் பிழைத்திருத்தல் பத்திரம் என்றால் ஆட்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். எவனோ வடக்கைத் தெற்கு என்று எழுதித் தொலைத்திருப்பான். கோலப்பன் அதைச் சரிசெய்து, 'மேற்படி பிழை கவனக்குறைவால் நேர்ந்தது' என்று முடித்துக் கொடுப்பார். அந்த வரியை அவர் யோசித்து எழுதுவதில்லை. கை தானாக எழுதிவிடும்.

பத்திரம் பிழைப்பு என்றால் கவிதை உயிர். இருபத்தேழு வருஷத்தில் மூன்று தொகுப்புகள் போட்டார். மூன்றும் எலிக்குப் பயந்து பாலித்தீன் சுற்றி வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கின்றன. டெல்சி கடற்கரைக்காரி. முப்பத்துநான்கு வயது, நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போட்டது ஒரே ஒரு தொகுப்பு, அதற்குள் மூன்றாம் பதிப்பு. கோயம்புத்தூரில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கோலப்பன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பொன்னாடை மட்டரகத் துணி என்று கண்டுபிடித்து, அன்றைக்கு மட்டும் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த வாரமே ஜிபின் போன் செய்தான். 'சொல்லும் செவியும்' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறவன். இரண்டு கவிஞர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் கவிதையை இவரும் இவர் கவிதையை அவரும் வாசித்துப் பேச வேண்டும். தன் கவிதையைத் தானே வாசிக்கக் கூடாது, தானே விளக்கக் கூடாது என்பது அவனுடைய சட்டம்.

"சார், அடுத்தது நீங்களும் டெல்சி அக்காவும். வயலும் கடலும்னு வச்சிருக்கேன்."

கோலப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன் கவிதையை ஒரு ஆள் கையில் எடுத்து, இதில் இன்னது நடக்கிறது என்று நாலு பேர் கேட்கச் சொல்ல மாட்டாரா என்றுதான் இந்த இருபத்தேழு வருஷமும் காத்திருந்தார். அது கடைசியில் வந்தது. வந்தது டெல்சியின் வாய்வழியாக.

"போயிட்டு வாங்க," என்றாள் மனைவி பிச்சம்மாள். "அங்க வச்சி அந்தப் பிள்ளைட்ட மொறச்சிக்கிட்டு இருக்காதிய."

"நான் எதுக்கு மொறைக்கேன்?"

"பொன்னாடைய நோண்டிப் பாத்த ஆளுதானே. எனக்குத் தெரியாதா."

ஜிபினின் அறை வடசேரியில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் இருந்தது. சந்தை இரைச்சல் உள்ளே வரக் கூடாதென்று ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டான். டெல்சி ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து நேரே வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவரைக் கண்டதும் எழுந்து நின்று, "அண்ணாச்சி, ஒங்க மூணு புக்கும் படிச்சிட்டேன்," என்றாள். கோலப்பன் நம்பவில்லை. பரணில் இருப்பது இவளுக்கு எப்படிக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். நூலகத்தில் எடுத்தாளாம்.

முதலில் கோலப்பன் வாசித்தார்.

*அப்பன் கரையேறினான்.*
*இன்று பாடு இல்லை என்றான்.*
*அம்மா சிலுவை போட்டுக்கொண்டு*
*அடுப்பை அணைத்தாள்.*

வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமி விளக்க ஆரம்பித்தார். பாடு என்றால் துன்பம். படாத பாடு படுகிற ஒரு மீனவன், இன்று ஒரு நாளாவது துன்பம் இல்லை என்கிறான். மனைவி ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சிலுவை போடுகிறாள், சமையலிலிருந்தும் ஓய்வு எடுத்துக்கொள்கிறாள். ஆகவே இது ஓய்வைப் பற்றிய கவிதை. கொஞ்சம் மேலோட்டமானதுதான், ஆனாலும் பரவாயில்லை.

டெல்சி மெல்லக் கையை உயர்த்தினாள். "ஜிபின், ஒரு நிமிசம் நிறுத்தியா?"

ஜிபின் பதிவை நிறுத்தினான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. எங்க கடப்பொறத்துல பாடுன்னா மீன்பாடு. பாடு இல்லன்னா வலையில ஒண்ணும் விழலன்னு அர்த்தம். அதுனாலதான் அம்மா அடுப்ப அணைக்கா." பிறகு ஜிபினிடம் திரும்பி, "இத வெட்டிரு. அண்ணாச்சி மொதல்லேந்து சொல்லட்டும். வெளிய ஆருக்கும் தெரியாண்டாம்," என்றாள்.

சொன்னவள் சிரிக்கவில்லை. ஜிபினும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கோலப்பன் பொறுத்திருப்பார். அவருடைய காது இரண்டும் எரிந்தன. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்துப் பிழைக்கிறவருக்கு, நேற்று முளைத்த ஒருத்தி சொல் கற்றுக்கொடுத்துவிட்டாள். அதுவும் எவ்வளவு தன்மையாக! அந்தத் தன்மைதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுபடி வாசித்து, அவள் சொன்ன பொருளையே சுரத்தில்லாமல் ஒப்பித்து முடித்தார்.

அடுத்து அவள் முறை. அவருடைய முதல் தொகுப்பை எடுத்தாள்.

*கும்பப்பூவும் வரவில்லை.*
*அம்மா முற்றம் கூட்டுகிறாள்.*
*உதிராததை எல்லாம்*
*ஒரு மூலையில் குவித்து வைக்கிறாள்.*

நாஞ்சில் நாட்டு வயல்காரர்களுக்கு வருஷத்தில் இரண்டு பூ. கன்னிப்பூ, கும்பப்பூ. இரண்டும் நெற்பயிர், முதல் போகம், இரண்டாம் போகம். அந்த வருஷம் கோலப்பன் வீட்டில் கன்னிப்பூ வெள்ளத்தில் போனது, கும்பப்பூ தண்ணீரில்லாமல் போனது. நெல் காயப்போட வேண்டிய முற்றத்தை அவருடைய அம்மா வெறுமனே கூட்டினாள். கவிதை அவ்வளவுதான்.

டெல்சி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "இந்தக் கும்பப்பூ, கும்ப மாசத்துல பூக்கிற ஏதோ மரத்துப் பூன்னு நெனைக்கேன்," என்று ஆரம்பித்தாள்.

கோலப்பனின் வலது கை முட்டியிலிருந்து ஒரு விரல்கடை எழுந்தது. பிறகு அங்கேயே அமர்ந்துவிட்டது.

பேசட்டும் என்று நினைத்தார். நன்றாகப் பேசட்டும். நெற்பயிரைப் பூ என்று சொன்ன கவிஞரை நாஞ்சில் நாடே கேட்டுச் சிரிக்கட்டும். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதைதான். அறுபடுவது தன் கவிதை என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

"அந்த மரம் இந்த வருசம் பூக்கல," என்றாள் டெல்சி. "உதிர ஒண்ணுமே இல்ல. ஆனாலும் அந்த அம்மா தெனமும் கூட்டுகா. எங்க அண்ணன் டைட்டஸ் சவுதிக்குப் போன பெறவு, எங்க அம்ம தெனமும் சாயங்காலம் அவனுக்க தட்டக் கழுவிக் கமத்தி வைப்பா. ஆரும் திங்காத தட்டு. ஏன்மா கழுவுகேன்னு கேட்டா, தூசி அடையும்லாட்டி, ம்பா. இல்லாத ஒண்ணுக்கு வேலை செய்யிறதுதான் அம்மைமாருக்குத் தெரிஞ்ச அழுக. இந்தக் கவிதைல அந்த அம்ம அழவே இல்ல பாருங்க. கூட்டுகா, அவ்வளவுதான்."

ஜிபின் மூக்கை உறிஞ்சினான். கோலப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை வெளியானது. கோலப்பன் தன் வாழ்நாளில் முதல்முறையாக டெல்சியின் குரலைத் தன் கைப்பட ஊருக்கெல்லாம் அனுப்பினார். வயல்காரர்கள் யாரையும் விடவில்லை. மறுநாள் அவருடைய நண்பர் முருகதாஸ் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். மூன்று ஏக்கர் நெல் போடுகிறவர்.

"வே கோலப்பா, கேட்டேன் பாத்துக்கிடும். கும்பப்பூவ அந்தப் பிள்ளை பூவுன்னு சொல்லிட்டு."

"ஆமா, சொன்னா," என்றார் கோலப்பன், உள்ளுக்குள் குளிர்ந்து.

"அதனால என்னவே. கேட்டுட்டு எங்க அம்மைய நெனச்சு ரெண்டு நேரம் சோறு எறங்கல."

அதன்பிறகு போன் ஓயவில்லை. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் கூப்பிட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண், கும்பப்பூ என்ன நிறம் சார், வாசம் உண்டா என்று கேட்டாள். ஒருவர் தோவாளைப் பூச்சந்தையில் போய் விசாரித்துவிட்டு, அங்கே யாருக்கும் தெரியவில்லையே, அவ்வளவு அரிய பூவா என்று எழுதியிருந்தார். இருபத்தேழு வருஷத்தில் கிடைக்காத பெயர் ஒரே வாரத்தில் வந்து குவிந்தது. அத்தனையும் அவர் எழுதாத ஒரு பூவுக்கு.

அந்த வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிச்சம்மாள் அடுக்களையில் போனை அரிசிப் பானைமேல் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒனக்குமா? நீ வயக்காட்டுக்காரி. கும்பப்பூ பயிருன்னு ஒனக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். இந்தக் கவிதைய நீங்க எனக்குப் பத்து தடவ வாசிச்சுக் காட்டிட்டிய. வெள்ளாம போச்சுன்னு வெளங்கிச்சு. ஆனா ஒங்க அம்மைய இன்னைக்குத்தான் பாத்தேன்."

கோலப்பனுக்கும் அது தெரிந்திருந்தது. டெல்சி தப்பாகப் படித்த கவிதை, தான் சரியாக எழுதியதைவிட நன்றாக இருந்தது. பொன்னாடையை மன்னித்துவிடலாம், மூன்றாம் பதிப்பைக்கூட மன்னிக்கலாம், இதை எப்படி மன்னிப்பது?

அன்று சாயங்காலம் டெல்சியே கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"அண்ணாச்சி, எங்கூட வேலை பாக்குற ஷீஜா இப்பதான் சொன்னா. கும்பப்பூ பூ இல்லியாமே. நெல்லாமே. நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

கோலப்பன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "எனக்கு வெளங்கிட்டு. ஜிபின் முன்னால என்னையக் கொறைக்கக் கூடாதுன்னு சும்ம இருந்தியளே. ஒங்க கவிதை போனாலும் பரவால்லன்னு இருந்தியளே. நான் ஒரு சொல்லுக்கு ஒங்கள நிறுத்திட்டேன். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லாமப் போச்சு. இத நெனச்சு நெனச்சு எனக்கு வெக்கமா இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றார் கோலப்பன்.

"ஜிபின்ட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வந்து திருத்திப் பேசுவோம். இந்தத் தடவ சட்டத்தத் தள்ளி வச்சி, நீங்களே ஒங்க கவிதையச் சொல்லணும்."

மறுநாள் பேருந்தில் போகும்போது கோலப்பனுக்கு மனம் லேசாகத்தான் இருந்தது. பெரிய மனசு என்கிற பட்டம் சும்மா கிடைக்கிறது, வாங்கிக்கொண்டால் என்ன? கவிதையில் அவள் ஜெயித்தாள், குணத்தில் நான் என்று வைத்துக்கொள்ளலாம். பத்திரத்தில் எழுதுகிற மாதிரி நாலு வரியில் முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

அதே அறை, அதே புழுக்கம். டெல்சி முதலில் பேசினாள். தனக்கு வயல் தெரியாது, கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அண்ணாச்சி தனக்காகப் பொறுத்துக்கொண்டார் என்றாள். ஜிபின் கோலப்பனைப் பார்த்துத் தலையசைத்தான்.

"கும்பப்பூ என்பது பூ அல்ல," என்று கோலப்பன் ஆரம்பித்தார். "நாஞ்சில் நாட்டில் இரண்டாம் போக நெற்பயிருக்கு அந்தப் பெயர். என் கவிதை அந்தப் பயிரைப் பற்றியது. மேற்படி பிழை..."

அங்கே நாக்கு நின்றது. ஆயிரம் பத்திரத்தில் கை தானாக எழுதிய சொல்தான். வாயில் வரவில்லை. யார் யாருடைய பிழைக்கோ காரணம் எழுதியிருக்கிறார். தன்னுடைய பிழைக்கு இப்போதுதான் முதல்முறை எழுதுகிறார். எதிரே டெல்சி, இரவெல்லாம் விழித்த கண்ணோடு, அவரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மேற்படி பிழை கவனக்குறைவால் நேர்ந்ததல்ல," என்றார். "டெல்சிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவ சொல்லும்போதே தெரியும். நாலு பேரு சிரிக்கட்டும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். எனக்குப் பொறாம."

டெல்சியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. ஒரு கணம்தான். அடுத்த கணம் அவள் கை உயர்ந்தது.

"ஜிபின், நிறுத்து. இத வெட்டிரு. வெளிய ஆருக்கும் தெரியாண்டாம்."

அந்தக் கை எவ்வளவு சீக்கிரம் உயர்ந்தது என்று கோலப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்மேலும் அவருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

"வெட்டாத மக்கா," என்றார் ஜிபினிடம். "இது எனக்க பாடு. ஓடட்டும்."