நடுப்பெட்டி இல்லாத ரும்பா

எங்கள் தீவின் கடலோர ஊரான மத்தான்சாஸில் எங்கள் குடித்தனங்களுக்கெல்லாம் ஒரே முற்றம், ஒரே குழாய். ஞாயிறு மதியம் எவெலியோவும் அவன் கூட்டாளிகளும் அந்த முற்றத்தில் மூன்று மத்தளங்களை வைத்து ரும்பா தாளம் வாசிப்பார்கள். கயிறு ஆலையில் வேலை பார்த்த நெரெய்தாவுக்கு மட்டும் அது ஆகாது.

"இந்தச் சத்தத்துக்குச் செத்தவன்கூட எழுந்து வந்து திட்டுவான்!" என்று மாடியிலிருந்து கத்துவாள்.

"வரட்டுமே, அவனுக்கும் ஒரு மடக்கு ரம் ஊத்துறேன்," என்பான் எவெலியோ.

ஒருநாள் துணி அலசிய தண்ணீரை அப்படியே மத்தளங்களின் மேல் கொட்டிவிட்டாள். தோல் ஊறித் தொய்ந்துபோயிற்று. சோப்புக்கே வழியில்லாத அந்தக் காலத்தில் புதுத் தோலுக்கு எங்கே போவது? எவெலியோ பழைய சரக்குப் பெட்டிகளை அறுத்து ஆணியடித்தான். அவற்றின்மேல் உட்கார்ந்து தட்டினார்கள். இடத்தையும் ஆற்றோரப் படகுக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நெரெய்தாவுக்கு ஒரே மகன், அட்ரியெல். பஞ்சம் தாங்காமல் நாட்டைவிட்டுப் போக அந்த ஆகஸ்டில் ஊரே தெப்பம் கட்டியது. அவனும் இரண்டு நண்பர்களும் லாரி டியூப்களைப் பிணைத்துக்கொண்டு கடல் தாண்டி வடக்கே கிளம்பினார்கள். ஒருவன்தான் உயிரோடு கரைக்கு வந்தான். வெடித்த உதடுகளோடு அவன் சொன்னதை நானும் நின்று கேட்டேன். அட்ரியெல் கடல்தண்ணீரைக் குடித்துப் புத்தி கலங்கிவிட்டானாம். "அம்மா கூப்பிடுறா, கதவைத் திறந்துட்டு வரேன்" என்று கடலில் இறங்கிப் போனானாம்.

நெரெய்தா அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். எலும்பாகிக்கொண்டே வந்தாள்.

எவெலியோ மாடியேறிப் போய் அவள் கதவைத் தட்டினான்.

"ஞாயித்துக்கிழமை முத்தத்துல அட்ரியெலுக்காக வாசிக்கலாம்னு இருக்கோம். நீ சம்மதிக்கணும்."

"என் பையனுக்கும் உங்க கூத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அவன் படகுக் கொட்டகைக்கு வந்து எங்களோட வாசிச்சவன், நெரெய்தா."

"பொய். ஞாயித்துக்கிழமை அவன் மீன் பிடிக்கப் போவான்."

"ஒரு மீனாவது கொண்டாந்திருக்கானா?"

அவள் கதவைச் சாத்தினாள்.

ஞாயிறு வந்தது. வேண்டாம் என்று அவள் சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அட்ரியெலுக்குப் படையலாகத் தரையில் ரம் ஊற்றிவிட்டு ஆரம்பித்தார்கள். இரண்டு குச்சிகள் தாளம் பிடித்தன. பெரிய பெட்டி அடியில் உறுமியது. எவெலியோவின் சின்னப் பெட்டி மேலே குதித்தும் கொஞ்சியும் வம்பிழுத்தது. நெரெய்தா படியில் வந்து நின்றாள். கையில் வாளி எதுவும் இல்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் கேட்டாள்:

"நடுவுல ஏதோ ஓட்டையா இருக்கே?"

"அதான் அவனோட நடுப்பெட்டி. நாங்க தாளத்துல எங்க ஓடினாலும் அவன் ஒரே அடியில நிப்பான். அவனை நம்பித்தான் ஓடுவோம்."

"எப்படி அடிப்பான்?"

எவெலியோ கையைத் தாழ்த்தி, நடுப்பெட்டியின் தாளத்தை மட்டும் தன் பெட்டியில் மெதுவாகத் தட்டிக் காட்டினான்.

நெரெய்தா வாயைப் பொத்திக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் மகனின் விரல்கள் ஓயாமல் தட்டியது அதுதான். கரண்டியால் எத்தனை தரம் அந்த விரல்களை அடித்திருக்கிறாள்!

அவளிடமிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. வாசிப்பு நிற்கவில்லை. சின்னப் பெட்டி அந்த ஓலத்தின் பின்னாலேயே போயிற்று, அவள் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் பேசியபடி. அவள் படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். எந்தப் பெட்டி எதற்குப் பதில் சொல்கிறது என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டது. முகம் மட்டும் தெளியவே இல்லை.

டிசம்பரில் புதிதாக ஒருவன் அந்த நடுப்பெட்டியில் வந்து உட்கார்ந்தான். நன்றாகவே வாசித்தான். ரும்பா முழுசாகிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். நெரெய்தா கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "அவனோட ஓட்டையையும் அடைச்சிட்டீங்களே," என்று எழுந்து மாடியேறிப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.